புத்தகக் கடைக்காரர் துப்பறியும்போது

ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் 'கோஸி' என்று ஒரு தனி வகை உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூர், காவல்துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாதாரண மனிதர், கதைக்குள் நடந்தாலும் வாசகரின் கண்முன் நடக்காத ஒரு கொலை, குலைந்துபோன ஊர் நிம்மதி கடைசி அத்தியாயத்துக்குள் திரும்பிவிடும் என்ற உறுதி ஆகியவை சேர்ந்தால் அந்த வகை நாவல் ஒன்று உருவாகிவிடும். துப்பறிகிறவர் பெரும்பாலும் ஏதாவதொரு சிறு கடையை நடத்துபவராக இருப்பார். கேக் கடை, தேநீர்க் கடை, பூக்கடை என்று நீளும் அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் புத்தகக் கடைக்காரர்கள். பிடித்திருப்பதனாலேயே அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் உண்டு.

இந்த நாவல்களில் பெரும்பாலானவற்றில் புத்தகக் கடை வெறும் மேடை அலங்காரமாகவே நின்றுவிடுகிறது. சாய்வு நாற்காலி, பூனை, காப்பி வாசனை, கூரை வரை உயர்ந்த அலமாரி எல்லாம் இருக்கும். ஆனால் கொலையாளியைக் கண்டுபிடிப்பது வம்புப் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்வதன் மூலமாகத்தான். அதே கதாநாயகியைத் தூக்கிக் கேக் கடையில் உட்கார வைத்தாலும் கதையில் ஓர் அத்தியாயம்கூட மாற வேண்டியிருக்காது. கரோலின் ஹார்ட் 1987இல் தொடங்கிய 'டெத் ஆன் டிமாண்ட்' வரிசை இதற்கு ஓரளவு விலக்கு. தென் கரோலினாவை ஒட்டிய ஒரு கற்பனைத் தீவில் துப்பறியும் நாவல்களை மட்டுமே விற்கும் கடையை நடத்தும் ஆனி லாரன்ஸ், தான் படித்த நூற்றுக்கணக்கான நாவல்களின் துணையோடுதான் யோசிக்கிறாள். நீர்வண்ண ஓவியங்களைச் சுவரில் மாட்டி, அவை எந்தெந்த நாவல்களின் காட்சிகள் என்று சரியாகச் சொல்பவருக்குப் பரிசு தரும் வழக்கமும் அந்தக் கடையில் உண்டு. இனிமையான ஏற்பாடுதான். ஆயினும் அவளிடம் இருப்பது தேர்ந்த வாசகியின் அறிவு. விற்பவரின் அறிவு வேறு. எந்தக் காகிதம் எந்தக் காலத்தது, எந்த அச்சகம் எந்த எழுத்தை வைத்திருந்தது, இந்தப் பிரதி இதற்குமுன் யார் வீட்டு அலமாரியில் இருந்தது, இவ்வளவு நாள் விலைக்கு வராத ஒன்று இன்று ஏன் வருகிறது என்பவையெல்லாம் அந்த அறிவைச் சேர்ந்தவை.

இந்த வகையின் மூதாதை என்று சொல்லத்தக்க நாவல் கிறிஸ்டோபர் மோர்லி 1919இல் எழுதிய 'தி ஹாண்டட் புக்‌ஷாப்'. முதல் உலகப் போர் முடிந்த சமயத்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ரோஜர் மிஃப்லின் என்ற வழுக்கைத் தலைக்காரர் பழைய புத்தகக் கடை ஒன்றை நடத்துகிறார். பேரிலக்கியங்களின் ஆவிகள் உலவும் கடை என்று அவரே பலகை எழுதி வைத்திருக்கிறார். கார்லைல் தொகுத்த ஆலிவர் கிராம்வெல்லின் கடிதங்களும் உரைகளும் அடங்கிய பிரதி ஒன்று அலமாரியிலிருந்து காணாமல் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடியும் போகிறது. ஒரு புத்தகம் தன் இடத்தை விட்டு நகர்வதையே குற்றத்தின் முதல் தடயமாக வைத்தது மோர்லியின் அருமையான யோசனை. கடைக்காரரைத் தவிர வேறு எவருக்கும் அது கண்ணில் படாது. ஆனால் நாவலுக்குள் உண்மையில் துப்பறிகிறவர் ஆப்ரே கில்பர்ட் என்ற விளம்பரத் துறை இளைஞர். அவரோ குற்றவாளியைத் தேடப் புறப்பட்டு மிஃப்லினையே சந்தேகிக்கிறார். மிஃப்லின் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பேச்சுக்காக நாவலை இன்றும் படிக்கலாம். நூறாண்டு கடந்த கதை என்பதால் முடிவைச் சொல்வதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்: சமாதான மாநாட்டுக்குக் கப்பலேறும் அதிபர் வில்சனைக் கொல்ல, அந்தப் புத்தகத்தின் அட்டைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். கடைக்காரரின் தொழிலறிவுக்கு அங்கே வேலையே இல்லை.

ஜான் டன்னிங்கின் 'புக்டு டு டை' நாவலில் தொழிலறிவு நிறைய இருக்கிறது. 1992இல் வெளிவந்த அந்த நாவலின் ஆசிரியரே டென்வர் நகரில் பழைய புத்தகக் கடை நடத்தியவர். குப்பையிலும் தெருவோர விற்பனையிலும் அரிய பிரதிகளைப் பொறுக்கிக் கடைகளுக்கு விற்றுப் பிழைக்கும் ஒருவரின் கொலையில் கதை தொடங்குகிறது. ஆனால் துப்பறிகிறவர் ஒரு போலீஸ்காரர். வேலையை விட்ட பிறகே கடை போடுகிறார். அடிதடியும் அதிகம். கோஸி என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் தேடிய கதை நாவல்களில் அகப்படவில்லை. அது 1930களின் லண்டனில் உண்மையாகவே நடந்திருக்கிறது. கொலை இல்லை, துப்பாக்கி இல்லை, காவல்துறையே இல்லை. புத்தக வியாபாரத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள், இங்கிலாந்தின் மிகப் பெரிய நூற்சேகரிப்பாளர் என்று போற்றப்பட்ட ஒரு முதியவரைக் காகிதத்தையும் அச்செழுத்தையும் மட்டுமே சாட்சிகளாக வைத்து வீழ்த்தினார்கள்.

அந்த முதியவர் தாமஸ் ஜேம்ஸ் வைஸ். 1859இல் பிறந்தவர், வாசனை எண்ணெய் வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தில் சிறு வயதில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். தான் வாழ்ந்த ஆஷ்லி சாலையின் பெயரால் 'ஆஷ்லி நூலகம்' என்று அழைக்கப்பட்ட அவருடைய சேகரிப்பின் விவரப்பட்டியல் மட்டுமே 11 தொகுதிகள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுகலைப் பட்டம் வழங்கியது; நூலியல் ஆய்வாளர்களின் சங்கமான பிப்ளியோகிராஃபிக்கல் சொசைட்டி அவரைத் தலைவராக்கியது. பிரௌனிங், டென்னிசன், ஸ்வின்பர்ன் போன்ற 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் ஒரு சிறுநூல் உண்மையான முதற்பதிப்பா என்று சந்தேகம் வந்தால், வைஸ் தொகுத்த நூற்பட்டியலைப் புரட்டிப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது.

சந்தேகித்தவர்களில் ஒருவர் ஜான் கார்ட்டர். ஸ்கிரிப்னர் நிறுவனத்தின் லண்டன் கிளையில் அரிய நூல்களை வாங்கி விற்பவர். மற்றவர் கிரஹாம் போலார்டு. பிரெல் அண்டு கார்னெட் என்ற புத்தகக் கடையின் பங்குதாரர், அச்செழுத்து மாதிரிப் பட்டியல்களில் தனித் தேர்ச்சி பெற்றவர். இருவருக்கும் அப்போது முப்பதை ஒட்டிய வயது. கார்ட்டர் துப்பறியும் நாவல்களின் முதற்பதிப்புகளையும் ஆர்வத்தோடு ஆராய்ந்தவர். வைஸைப் பற்றிய புத்தகம் வெளிவந்த அதே 1934இல், துப்பறியும் நாவல்களைச் சேகரிப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரையும் வெளிவந்திருக்கிறது. இப்படி ஒரு பொருத்தத்தை நாவலாசிரியர் யாராவது கற்பனை செய்து எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

விசாரணையின் மையத்தில் இருந்த சிறுநூல் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காதல் சானட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள். அவை 1850இல் அவருடைய கவிதைத் தொகுதியில்தான் முதலில் வெளிவந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்பே, 'ரெடிங், 1847' என்று ஊரையும் ஆண்டையும் தலைப்புப் பக்கத்தில் பொறித்து, நண்பர்களுக்காகத் தனிப்பட அச்சிட்ட ஒரு பதிப்பு இருந்ததாகச் சேகரிப்பாளர்கள் நம்பினார்கள். அதற்கேற்ற கதை ஒன்றும் உலவியது. பைசா நகரில் ஒரு நாள் காலை உணவுக்குப் பிறகு எலிசபெத் கணவரின் பின்னால் வந்து நின்று, கவிதைக் கையெழுத்துப் பிரதியை அவருடைய சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு ஓடிப்போனதாக விமர்சகர் எட்மண்ட் காஸ் 1894இல் எழுதியிருந்தார். வைஸ் தன் பங்குக்கு, வில்லியம் பென்னட் என்ற முதிய கவிஞரின் வீட்டில் சூடான வெண்ணெய் தடவிய ரொட்டியும் சாசேஜும் சாப்பிட்டுவிட்டு 10 பவுண்டு கொடுத்து ஒரு பிரதியை வாங்கி வந்ததாக 1918இல் எழுதினார். பொய் சொல்பவர்களுக்கு உணவு விவரம் மறக்காது போலும்.

இந்த இடத்தில்தான் வியாபாரியின் புத்தி வேலை செய்யத் தொடங்குகிறது. நண்பர்களுக்கென்று அச்சிட்ட கவிதை நூலில் கவிஞரின் கையொப்பமிட்ட பிரதி ஒன்றாவது இருக்க வேண்டும், ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டுகளில் எவராவது ஒருவர் அதைத் தன் மற்றச் சிறுநூல்களோடு சேர்த்துப் பைண்டு செய்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. கிடைத்த பிரதிகள் நேற்று அச்சகத்திலிருந்து வந்தவை போலப் புத்தம் புதியவையாக இருந்தன. எலிசபெத்தும் அவருடைய தோழி மேரி மிட்ஃபோர்டும் எழுதிக்கொண்ட ஏராளமான கடிதங்களில் ஒரு வரிகூட இதைப் பற்றி இல்லை. அச்சுக்குப் பொறுப்பேற்றவராகக் காட்டப்பட்டவரோ அந்தத் தோழியேதான். பேராசிரியர் ஒருவர் கவிதையின் பாட வேறுபாடுகளைத் தேடியிருப்பார். கடைக்காரர்கள் இருவரும், இந்தப் பிரதிகள் இத்தனை காலம் எங்கே இருந்தன என்று கேட்டார்கள்.

இந்த மோசடியின் சாமர்த்தியத்தையும் சொல்லியாக வேண்டும். இருக்கும் ஒரு பழைய நூலைப் பார்த்து நகல் செய்தால், அசலோடு ஒப்பிட்டு எவரும் பிடித்துவிடலாம். இங்கே அப்படி ஒரு அசலே கிடையாது. பின்னாளில் தொகுதியில் வெளிவந்த ஒரு கவிதையை எடுத்து, அதற்குச் சில ஆண்டு முந்தைய தேதியிட்டு ஒரு சிறுநூலாக அச்சிட்டுவிட்டால், அது தானாகவே முதற்பதிப்பு ஆகிவிடும். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒரு பிரதி போய்ச் சேர்ந்தால் அதன் நூற்பட்டியலில் ஏறிவிடும். வைஸின் சொந்த நூற்பட்டியல் அதற்குச் சான்றளிக்கும். பிறகு சந்தையில் ஒவ்வொன்றாக மெதுவாக விட்டால் போதும்.

அசல் இல்லாத போலியை எதனோடு ஒப்பிடுவது? காலத்தோடு ஒப்பிட்டார்கள். இங்கிலாந்தில் 1861க்கு முன் அச்சுக் காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. அந்த ஆண்டையொட்டி எஸ்பார்ட்டோ என்ற புல்லின் நார் அங்கே காகிதத்துக்குள் வந்தது. ரசாயன முறையில் பக்குவப்படுத்திய மரக்கூழ் 1874க்குப் பிறகுதான் வந்தது. காகிதத்தின் மிகச் சிறு துணுக்கை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் எந்த நார் என்று தெரிந்துவிடும். 1847 என்று தேதியிட்ட ரெடிங் சானட்டுகளின் காகிதத்தில் இருந்தது ரசாயன மரக்கூழ். பிறக்க இன்னும் 27 ஆண்டுகள் இருந்த ஒரு பொருளின் மீது அந்தக் கவிதைகள் அச்சாகியிருந்தன.

காகிதம் காலத்தைக் காட்டியது. இடத்தைக் காட்டியது அச்செழுத்து. பழைய ஈய எழுத்துகளில் ஆங்கில 'எஃப்' எழுத்தின் தலைக்கொக்கியும் 'ஜே' எழுத்தின் வாலும் தம் உலோகக் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அச்சேறும்போது அந்த நீட்சி எளிதில் உடையும். அதைத் தவிர்க்க, கொக்கியும் வாலும் கட்டைக்குள்ளேயே அடங்கும்படி புதிய வடிவம் செய்தார்கள். ரிச்சர்ட் கிளே அண்டு சன்ஸ் என்ற அச்சகத்துக்கு அத்தகைய எழுத்து வந்தது 1880க்குப் பிறகு. சானட்டுகளிலும் வேறு பல சிறுநூல்களிலும் இருந்தது அந்த எழுத்துதான்; அதோடு, வேறொரு எழுத்துத் தொகுதியிலிருந்து வந்து கலந்துவிட்ட ஒரு கேள்விக்குறியும் ஒவ்வொன்றிலும் தலைகாட்டியது. இந்தக் கலவை எந்த அச்சகத்துடையது என்ற கேள்வி நெடுநாள் நின்றது. மாத்யூ ஆர்னால்டின் 'அலாரிக் அட் ரோம்' கவிதைக்கு 1893இல் வெளிவந்த ஒரு மறுஅச்சு கண்ணில் பட்டபோது விடை கிடைத்தது. அதே எழுத்து, அதே கேள்விக்குறி. அச்சகத்தின் பெயர் ரிச்சர்ட் கிளே என்று வெளிப்படையாகவே போட்டிருந்தது. அந்த மறுஅச்சை வெளியிட்டவர் தாமஸ் வைஸ்.

தமிழில் பழைய புத்தகம் விற்பவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் சிலவற்றில் தமிழ் வருடத்தின் பெயர் மட்டுமே இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், எந்தச் சுற்று என்பதைக் காகிதத்தையும் எழுத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதுபோல, 1965 என்று போட்ட ஒரு நாவலில் 'லை', 'னை', 'றா' போன்ற எழுத்துகள் இன்றைய வடிவில் இருந்தால் உடனே யோசிக்க வேண்டும். அரசு அந்த வடிவங்களை ஏற்றது 1978இல்தான். ஆனால் பெரியாரின் ஏடுகளில் 1935 முதலே அவை புழங்கின என்பதையும் அறிந்திருந்தால்தான் அந்த யோசனை உருப்படும்.

கிளே அச்சகத்தின் 1911க்கு முந்தைய கணக்கேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன. வைஸ் பல ஆண்டுகள் ஷெல்லி சங்கம், பிரௌனிங் சங்கம் ஆகியவற்றுக்காக முறையான மறுஅச்சுகளை அங்கே அச்சிட்டவர் என்பதால், பழைய தேதியிட்ட தலைப்புப் பக்கம் அங்கே யாருக்கும் விநோதமாகப் பட்டிருக்காது. எழுத்து மூலமான ஆதாரம் இல்லாத நிலையில் ஒரு மனிதர் கிடைத்தார். அவர் பெயர் ஹெர்பர்ட் கோர்ஃபின். வைஸ் வேலை பார்த்த அதே எண்ணெய் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாக இருந்து, பிறகு புத்தக வியாபாரியானவர். வைஸிடமிருந்து அந்தச் சிறுநூல்களைக் கட்டுக்கட்டாக வாங்கி, அவை அசலென்று நம்பி விற்றுவந்தவர். 1933இல் அவரிடம் உண்மையைச் சொன்னபோதுதான் தானும் ஏமாற்றப்பட்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. சரக்கு வந்த வழியை அவர் சொன்னார். நேர்மையானவன் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்த ஒரு சிறு வியாபாரிக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்பதை எழுத ஒரு நாவலாசிரியர் வேண்டும்.

1934 ஜூலையில் புத்தகம் வெளிவந்தது. '19ஆம் நூற்றாண்டுச் சிறுநூல்கள் சிலவற்றின் தன்மை குறித்த ஒரு விசாரணை' என்ற பொருளில், சர்க்கார் அறிக்கை போன்ற ஒரு தலைப்பு. ஏறத்தாழ ஐம்பது சிறுநூல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, பெரும்பாலானவற்றைப் போலி என்றும் மற்றவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்றும் பிரித்தார்கள். இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் கடுமையானது. வைஸ் உயிரோடு இருந்தார். ஆகவே போலி செய்தவர் பெயர் தெரியாத ஒருவர் என்றே இருவரும் எழுதினார்கள். ஆனால் எல்லாச் சரக்கும் யாரிடமிருந்து வந்தது, எல்லாவற்றுக்கும் சான்றளித்தவர் யார், அச்சகத்தோடு தொடர்பு வைத்திருந்தவர் யார் என்ற விவரங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். குற்றவாளியின் பெயரைச் சொல்லாமலே கடைசி அத்தியாயத்தை முடித்த துப்பறியும் நூல் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குரலை உயர்த்தாத அந்த மரியாதை, எந்தக் குற்றச்சாட்டையும்விடக் கொடூரமாக இருக்கிறது.

வைஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பென்னட்டும் சாசேஜும் மறைந்து, அந்தச் சிறுநூல்கள் ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மனிடமிருந்து வந்தன என்று கதை மாறியது. ஃபோர்மன் அஞ்சல் துறை அதிகாரி, ஷெல்லி, கீட்ஸ் ஆகியோரின் படைப்புகளைப் பதிப்பித்தவர், 1917இலேயே இறந்துவிட்டவர். இறந்தவர்மீது பழி போடுகிறார் என்றே அப்போது பலரும் நினைத்திருக்கக்கூடும். வேடிக்கை என்னவென்றால் அதில் பாதி உண்மை இருந்தது. ஃபோர்மனின் கட்டுரை அச்சுப்படி ஒன்றின் ஓரத்தில் இருவரும் எழுதிக்கொண்ட குறிப்புகள் 1945இல் வெளியாயின. டென்னிசனின் 'தி லாஸ்ட் டோர்னமென்ட்' சிறுநூலை 1896இல் அச்சிட்டு 1871இல் அச்சானதாக ஆட்களை நினைக்க வைக்கிறோமே என்று வைஸ் தன் கைப்பட அங்கே எழுதியிருக்கிறார். ஃபோர்மனின் முழுப் பங்கை நிக்கலஸ் பார்க்கரும் ஜான் காலின்ஸும் 1983இல் ஒரு தொடர்ச்சி நூலில் நிறுவினார்கள்.

வைஸ் 1937இல் இறந்தார். அவருடைய நூலகத்தைப் பிரிட்டிஷ் மியூசியம் 66,000 பவுண்டுக்கு வாங்கியது. அந்த விலைக்குள் மியூசியத்தின் சொந்தச் சொத்தும் அடங்கியிருந்தது என்பது டேவிட் ஃபாக்ஸன் 1950களில் ஆராய்ந்தபோது தெரியவந்தது. மியூசியத்தில் இருந்த பழைய நாடக நூல்களிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட தாள்கள் வெட்டியெடுக்கப்பட்டிருந்தன; அவற்றில் பலவற்றை வைஸ் தன் குறைப்பிரதிகளில் செருகியிருந்தார், வேறு பலவற்றைச் சிகாகோ சேகரிப்பாளர் ரென்னுக்கு அனுப்பிய பிரதிகளில் சேர்த்து விற்றிருந்தார். தாள்களில் இருந்த கறையையும் புழுத் துளையையும் பொருத்திப் பார்த்து இதைக் கண்டறிந்தார்கள்.

கார்ட்டர், போலார்டு நூலின் இரண்டாம் பதிப்பும் 1983இல் வந்திருக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் முதலில் காகிதத்தையும் அச்செழுத்தையும் பற்றிய பகுதிகளைப் படித்துவிட்டு, நேரே ரெடிங் சானட்டுகளுக்கான பகுதிக்குப் போகலாம். ஒவ்வொரு சிறுநூலுக்கும் உரிய தனித்தனி விவரங்கள் பொறுமையைச் சோதிக்கும். அவற்றை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மோர்லியின் நாவல் பதிப்புரிமைக் காலம் முடிந்தது என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விசாரணையை முடித்த களைப்பில் இருக்கும்போது மிஃப்லினின் பேச்சு இன்னும் நன்றாக இருக்கும்.